தாத்தா பெயரை வைப்பதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் குழந்தை அழுகிறான், குரல் பதிவு அனுப்பினால் நீ அதை வேகமாக ஓட்டிவிட்டுக் கேட்கிறாய் என்று மருமகள் போட்டுக் கொடுத்துவிட்டாள், அதனால் எழுத்துதான். நீளமாகத்தான் இருக்கும். அவன் தூங்கும்போது உட்கார்ந்து படி.

பிள்ளைக்குத் தாத்தா பெயரையே வைக்கலாம் என்று இருக்கிறோம், ஞானஸ்நானத்தன்று வாசிக்க அவரைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புங்கம்மா என்று கேட்டிருந்தாய். நாலு வரி எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. பக்தியானவர், குடும்பத்தை நேசித்தவர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக உழைத்தவர். சரி, இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த ஊரில் செத்துப்போன எந்த வாத்தியாருக்கும் இதே வரிகளைத்தான் கல்லறையில் வெட்டுகிறார்கள், அதை வாசித்தால் உன் பிள்ளைக்கு எந்தத் தாத்தா என்றே தெரியாது. மெல்பர்னில் ஒருத்தர் வாயிலும் நுழையாத அந்தப் பழைய பெயரை அவன் ஆயுசு முழுக்கச் சுமக்கப் போகிறான் என்றால், பெயரோடு என்னவெல்லாம் வருகிறது என்று நீயாவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

நீ அவரைப் பார்த்தது கடைசிக் காலத்தில். பாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, சட்டைப் பையில் ஜெபமாலையும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு, உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துக் கூப்பிடுகிற கிழவர். அதற்கு முந்தைய மனுஷரைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்தது இங்கே மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில். தாய் தகப்பன் இருவருக்கும் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. ஏழாம் வகுப்பு தேறினார், தேறியதும் படித்த அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்துகொண்டார். அந்தக் காலத்தில் தமிழ்ப்பள்ளி வாத்தியார் வேலைக்கு அந்தச் சான்றிதழ் போதும், மீதியை வார இறுதி வகுப்புகளுக்குப் போய்ப் படித்துத் தேறிக்கொள்ள வேண்டியதுதான். பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1923-லேயே சட்டம் போட்டுவிட்டான், ஆனால் எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்று எந்தத் துரை வந்து பார்த்தான்? ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரே வாத்தியார், மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றாம் வகுப்பு எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். பாதிப் பேர் விடியற்காலையில் தாய் தகப்பனோடு நிரைக்கு, அதாவது ரப்பர் மர வரிசைக்குப் போய், பால் வடிகிற மங்குக் கோப்பைகளைத் துடைத்துவிட்டு வந்தவர்கள், உட்கார்ந்ததும் தூங்குவார்கள். மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருப்பார். சம்பளம் வந்ததும் அவர் முதலில் வாங்குவது அந்த டின்னுக்குத்தான், எங்களுக்கு அரிசி அதற்கு அப்புறம். பாட்டி இதைப் பற்றிச் சொல்லாத நாளில்லை.

நானும் அந்தக் கொட்டகையில்தான் படித்தேன், அதனால் அவர் எப்படிப் பாடம் நடத்தினார் என்று எனக்கு நேராகத் தெரியும். ஒரு பையனை வாசிக்கச் சொல்வார். அவன் ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்பான். மற்ற வாத்தியார்கள் என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அல்லது அடுத்த பையனைக் கூப்பிடுவார்கள், அல்லது ரோத்தான் பிரம்பை எடுப்பார்கள். இவர் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "சொல்லு. நான் எங்கயும் போகல." அவ்வளவுதான். அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்களுக்கெல்லாம் எரிச்சலாக வரும், விடை தெரிந்த பிள்ளைகள் துடிப்போம், வாயைத் திறந்தால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பையன் திக்கித் திணறி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை பள்ளிக்கூடமே காத்திருக்கும். பாடத்திட்டம் முடியாமல் போனதும் உண்டு. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்ற சட்டத்தை அமல்படுத்தினார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பால்வெட்டி, இங்கேயே கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியோடு, அதாவது சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார்கள். சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பப் பாரம் போடச் சொல்லியிருக்கிறார்கள், இவர்களுக்கு அது என்னவென்று எடுத்துச் சொல்ல ஆளில்லை, அல்லது சொன்னதை நம்பவில்லை, அல்லது அன்றைக்குச் சம்பளத்தை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போக மனசில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர் கப்பலேறி ஊருக்குத் திரும்பிப் போனார்கள். எங்கள் லயத்திலேயே சட்டி பானையை விற்றுவிட்டுக் கிளம்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், என்னோடு பாண்டி ஆடிய பிள்ளை ஒருத்தி அப்படித்தான் போனாள், இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அப்போது ராத்திரியானால் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். மண்ணெண்ணெய் விளக்கை நான் பிடித்துக்கொள்வேன், தாத்தா பாரம் எழுதுவார். பிறந்த தேதி தெரியாது, "பெரிய வெள்ளம் வந்த வருசம்" என்பார்கள். பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, இன்னொரு காகிதத்தில் வேறு மாதிரி. தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணி காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதி வைத்திருப்பார், ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமான தகப்பன் பெயர் இருக்கும். அதையெல்லாம் நேராக்க ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு சாட்சி சொல்லும் கிழவர்களைத் தேடிப் போவார்.

பாரத்தோடு முடியவில்லை. குடியுரிமைக்கு மலாய் பேசத் தெரிந்திருக்க வேண்டும், அதிகாரி நேரில் கேள்வி கேட்பார். நாற்பது வயசுப் பெண்கள், பாசாரில் மீன் விலை பேசுகிற அளவுக்கு மலாய் தெரியும், அதிகாரியைப் பார்த்தால் அதுவும் மறந்துவிடும். ரூமியும், அதாவது மலாயை எழுதுகிற ஆங்கில எழுத்தும், படிக்கத் தெரியாது. தாத்தா என்ன செய்தார் தெரியுமா, மலாய் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். "நாமா சாயா" என்று தொடங்கி ஒரு கோடு, அவரவர் பெயரைச் சொல்லிக்கொள்ள. "சாயா திங்கல் டி லாடாங்." "சாயா ஆடா தீகா ஓராங் ஆனாக்." அதற்குக் கீழேயே தமிழில் பொருள்: என் பெயர் இன்னது, தோட்டத்தில் குடியிருக்கிறேன், எனக்கு மூன்று பிள்ளைகள். அந்தத் தமிழ் எழுத்தும் தெரியாதவர்களுக்கு முதலில் தமிழ் எழுத்து. பால்வெட்டிவிட்டு வந்த கையோடு, உடம்பெல்லாம் ரப்பர் பால் வாடையோடு, அந்தப் பெண்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து கோரஸாகச் சொல்வார்கள். ஒருத்தி சொல்லமாட்டாமல் நின்றால் இவர் பாட்டுக்கு அதே, "சொல்லும்மா, நான் எங்கயும் போகல."

குடியுரிமைக்கான நீல ஐசி கிடைத்தவர்கள் சிலர் கோழி கொண்டுவந்து கொடுத்தார்கள். கிடைக்காதவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். அவர்களை வழியனுப்ப ரயில் ஸ்டேஷன்வரை போய்விட்டு வந்து அன்று சாப்பிடாமல் படுத்துவிடுவார். அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, அட்டை போய்விட்டது, கரையான் ஒரு மூலையைத் தின்றுவிட்டது, எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பி வைக்கிறேன். புத்தகத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன், கேட்காதே.

அப்புறம் தோட்டம் கைமாறியது, பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து மூடிவிட்டார்கள். சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள், இன்றைக்கு 530-ஐ ஒட்டித்தான் என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும். அவருக்குப் பினாங்குத் தீவில் ஒரு பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது, நாங்கள் பட்டர்வொர்த்துக்குக் குடிவந்தோம். தினமும் பெரியில், அதாவது கடலைக் கடக்கிற படகில், போய் வந்தார். மேல்தட்டில் காற்று வராத ஓரமாக ஒரு பெஞ்சு, அதுதான் அவர் ஆபீஸ், போகும்போது பாடக் குறிப்பு, வரும்போது பயிற்சிப் புத்தகம் திருத்துவது. பட்டர்வொர்த் பக்கம் மட்டும்தான் கட்டணம் வாங்குவார்கள், திரும்பி வர இலவசம் என்பதால், திரும்புகிற பெரியில் திருத்தினால் அரசாங்கத்துக்கு நஷ்டம் தம்பி என்று சிரிப்பார். தப்பான சொல்லுக்கு அவர் பெருக்கல் குறி போட்டு நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் சின்னதாகச் சரியான எழுத்தை எழுதுவார். தமிழ் நேசன் பத்திரிகை வந்தால் அதற்கும் அதே மரியாதைதான், றகரம் தப்பாக அச்சாகியிருந்தால் சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் மேற்கொண்டு படிப்பார்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ முக்கியமாகக் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். தோட்டத்துக்குப் பூசை வைக்கச் சாமியார் மாதம் ஒருமுறை வந்தால் பெரிது, மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டில் ஜெபம் சொல்வது எல்லாம் வாத்தியார் தலையில். அவர் சின்ன வயசில் பூசை லத்தீனில்தான். அறுபதுகளில், வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, பூசை தமிழுக்கு வந்ததே, அதைப் போல் ஒரு சந்தோஷத்தை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று பாட்டி சொல்வார், நான் பிறந்ததைக்கூட இரண்டாவதாகத்தான் வைத்தார். முதன்முதலாகத் தமிழில் வாசகம் வாசிக்க அவரைக் கூப்பிட்டபோது சனிக்கிழமை ராத்திரி முழுக்கக் கோழிக்கூண்டுப் பக்கம் நின்று வாசித்துப் பார்த்தாராம்.

தமிழ் கஷ்டம் என்று யாராவது பிள்ளை சொன்னால் போதும், வீரமாமுனிவரை இழுத்துவிடுவார். இத்தாலியில் பிறந்த மனுஷன், வந்து தமிழ் படித்து, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து 3,615 பாட்டில் தேம்பாவணி பாடிவிட்டான், நீ இங்கேயே பிறந்து தமிழ்ச்சோறு தின்றுவிட்டு ழகரம் வரவில்லை என்கிறாயா? சூசையப்பர் கதாநாயகன் என்பது அவருக்குத் தனிப் பெருமை. பைபிளில் ஒரு வார்த்தை பேசாதவருக்கு ஒரு காவியமே கிடைத்தது பார் என்பார்.

ஆனால் அவருடைய பிள்ளைகளில், அதாவது பள்ளிப் பிள்ளைகளில், பத்தில் ஒன்பது இந்துப் பிள்ளைகள். பள்ளியில் சரஸ்வதி பூசை வந்தால் இவர் ஒதுங்கிக்கொள்ள மாட்டார், கடலை அவிப்பது, தோரணம் கட்டுவது எல்லாவற்றிலும் நிற்பார், தீபாராதனை காட்டும்போது பின்னால் கை கட்டி நிற்பார். இது நம் மாதா கோவிலில் சிலருக்குப் பிடிக்கவில்லை, ஒருத்தர் நேராகவே கேட்டார். "புள்ளைங்க புத்தகத்தக் கும்புடுது. வாத்தியார் நான், வேணாம்னா சொல்லுவேன்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் ஏதாவது ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுவார், பழைய மாணவன் எவனாவது காவடியோடு வந்துகொண்டிருப்பான், அலகு குத்திய வாயோடு பேச முடியாமல் கண்ணாலேயே "ஐயா" என்பான், இவர் அவன் கால் சூட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இதை எல்லாச் சமயமும் ஒன்று என்கிற பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. அவர் அப்படிச் சொல்லவே மாட்டார், தன் வேதத்தில் பிடிவாதமான ஆள். தினமும் ராத்திரி ஏழு மணி ஜெபமாலைக்கு ஒரு நிமிஷம் தாமதமானாலும் வீட்டில் இடி விழும். ரேடியோவில் நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், பாதியில் பட்டென்று நிறுத்துவார், அந்தப் பாட்டுகளின் இரண்டாம் சரணம் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கோபக்காரர்தான். பள்ளியில் ரோத்தான் எடுக்காதவர் வீட்டில் என் தம்பியை, உன் மாமாவை, அதால் அடித்திருக்கிறார். ஊர்ப்பிள்ளைகளிடம் இருந்த பொறுமையில் பாதி எங்களிடம் இருந்ததில்லை. ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன், வாத்தியார் பிள்ளை மக்கு என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் என்று தோன்றுகிறது. அதற்காக அது சரியாகிவிடாது. ஞானஸ்நானத்தன்று வாசிக்கும்போது இதை விட்டுவிடலாம், ஆனால் நீ தெரிந்துகொள்.

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது, அதை முன்னின்று நடத்தியவர் தனிநாயகம் அடிகள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவர், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு. ஒரு சாமியார் தமிழுக்காக உலகத்தைக் கூட்டுகிறார் என்றால் தாத்தா வீட்டில் இருப்பாரா? பாட்டி அப்போது மாமாவை நிறைமாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறார். இவர் பிரசவத்துக்கு என்று சேர்த்துவைத்த காசில் கைவைத்து, பிறையில் ராத்திரி ரயில் ஏறிவிட்டார். அழைப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பேராசிரியர்கள் உள்ளே கட்டுரை படித்தார்கள், இவர் வெளியே நின்று போகிறவர் வருகிறவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பாட்டி பத்து நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை, அவர் எதற்காவது தாமதமாக வந்தால், பால் வாங்க மறந்தால், ஒரே வசனம்தான்: "தமிழைப் பார்க்கப் போனவராச்சே!"

1988-ஐப் பற்றி உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்னால். ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா, தீவில் சீனர்களுக்கு ஒரு பெரிய ஊர்வலம், பெரித் துறையில் சொல்ல முடியாத கூட்டம். சாயங்காலம் பட்டர்வொர்த் துறையில் மேடை இடிந்து விழுந்து 32 பேர் செத்துப்போனார்கள், ஆயிரத்துக்கு மேல் காயம். எங்கள் வீட்டுக்குத் திருவிழாவுக்கு வந்திருந்த தீவுச் சொந்தக்காரர்கள் அந்த நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்க வேண்டியது, பாட்டி இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்ததில் தாமதமாகிவிட்டது. செய்தி வந்ததும் அத்தை ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டு, "அன்னம்மா நம்மளக் காப்பாத்திட்டா" என்றார். தாத்தா எழுந்து நின்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. "அப்ப செத்தவங்கள மறந்துட்டாளா? இனிமே இந்த வீட்டுல அப்படிப் பேசக் கூடாது."

அன்று ராத்திரி ஜெபமாலை வழக்கத்தைவிட நீளம். நன்றி என்று ஒரு வார்த்தை அதில் இல்லை, முழுக்கச் செத்தவர்களுக்காக. அதற்கப்புறம் பல நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவு வீடுகளுக்குப் போனார், தமிழர் வீடு, சீனர் வீடு, தெரிந்தவர், தெரியாதவர். போய் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்திருந்தேன் என்றார்.

அவர் பக்தி என்ன மாதிரி பக்தி என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. கடவுளிடம் தனக்கென்று சலுகை கேட்க அவருக்கு வெட்கம். நம் வீட்டில் பரீட்சைக்கு நேர்த்திக்கடன் வைக்கக்கூட விடமாட்டார், படித்தால் போதும் என்பார், மெழுகுவர்த்தி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஏற்று என்பார்.

இனி பாட்டி கதை. உனக்குப் பாதி தெரியும், நீ அப்போது சின்னவன்.

அவர் ஓய்வு பெற்ற சில வருஷங்களில் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. காது கேட்கிறது, நாம் சொல்வது புரிகிறது, வாயில் மட்டும் சொல் வரவில்லை, தண்ணீர் வேண்டும் என்றால் "அது… அது…" என்று தவித்துவிட்டு அழுவார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், தாத்தா வழக்கம்போல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார், "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியதும் பாட்டி வாயிலிருந்து முழு ஜெபமும் தங்குதடையில்லாமல் வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் புதுமை, அற்புதம் என்றார்கள். தாத்தா மட்டும் மறுநாள் காலையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். அவர் விளக்கினார்: பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கும் மனப்பாடமான ஜெபம், பாட்டு, எண்ணிக்கை இதெல்லாம் சில நேரம் அப்படியே வரும், நாமாக யோசித்துச் சொல்லைத் தேடி எடுக்கிற வழி வேறு, வாயில் பழகிப்போனது தானாக வருகிற வழி வேறு, பாதியில் நிறுத்தி அவர்களை முடிக்கவிட்டுப் பழக்கலாம் என்று. தாத்தா முகம் மலர்ந்ததே, புதுமை என்று சொன்னபோதுகூட அப்படி மலரவில்லை. அவருக்குப் பாடத்திட்டம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினார். "எங்கள் அன்றாட…" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். பாட்டி "உணவை" என்பார். உடனே சோற்றுத் தட்டைத் தூக்கிக் காட்டுவார். மறுபடி, "எங்கள் அன்றாட…" "உணவை." தட்டு. இப்படி எத்தனை நாள் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு நாள் ஜெபம் இல்லாமலே தட்டைத் தூக்கினார், பாட்டி "உணவு" என்றார். சோறு என்று சொல்லவில்லை, உணவு! எங்கள் வீட்டில் அதற்கப்புறம் ரொம்ப நாள் பாட்டி உணவுதான் சாப்பிட்டார். இதே மாதிரி "விண்ணுலகில்" என்று மேலே காட்டி, "பெண்களுக்குள்" என்று என்னைக் காட்டி, ஜெபங்களை உடைத்து உடைத்துச் சொல்லாக்கினார். ஜெபங்கள் தீர்ந்ததும் ஒன்றாம் வகுப்புப் புத்தகம். அணில், ஆடு, இலை. பழைய மாணவர்களிடம் சொல்லிப் பட அட்டைகள் வாங்கிவரச் செய்தார். காலையில் குளிப்பாட்டித் தலை வாரி, அவருக்குச் சரியாகப் பின்னல் போட வராது, கோணலாக ஒரு கொண்டை போட்டுவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அட்டையைக் காட்டுவார். பாட்டி சொல்லைத் தேடுவார், முகமெல்லாம் வேர்க்கும். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன், வாய்வரை வரும் எனக்கு, சொல்லிவிடலாமா என்று. "சொல்லு. நான் எங்கயும் போகல." கோபக்காரர், எங்களிடம் இல்லாத அந்தப் பொறுமையெல்லாம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு நாள், பள்ளி விழா ஒன்றுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டு, போய்விட்டு விளக்கு வைத்த பிறகு வந்தார். ஏழு மணி தாண்டிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறார், பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறார். எதையோ தேடுகிறார், வாய் கோணுகிறது, கை நடுங்குகிறது. நாங்கள் எல்லாரும் அப்படியே நிற்கிறோம். "தமிழ்… பாக்க… போ… போனவரு!"

எந்த ஜெபத்திலும் இல்லாத, எந்த அட்டையிலும் இல்லாத, பாட்டி தானாகக் கட்டிய முதல் வாக்கியம் அது. தாத்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

பாட்டி முழுக்கச் சரியாகவில்லை, அதை நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் கேட்டதைக் கேட்கவும் திட்டவும் பேச்சு வந்துவிட்டது, அவருக்கு அது போதுமானதாக இருந்தது. பாட்டி போன பிறகு தாத்தா நாலு வருஷம் இருந்தார், அந்த நாலு வருஷமும் மத்தியானத்தில் டாமான் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசலில் உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார், சும்மா, பிஸ்கட் டின் சகிதம். 1816-ல் நம் பினாங்கில்தான் இந்த நாட்டிலேயே முதன்முதலில் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். 2016-ல் இருநூறு ஆண்டு என்று நாடு முழுக்கக் கொண்டாடியபோது அவர் இல்லை. இருந்திருந்தால் அழைப்பு இல்லாமலே எங்கேயாவது போய் வெளியே நின்றிருப்பார்.

இவ்வளவுதான் தம்பி. நாலு வரி வேண்டும் என்றால் நீயே இதிலிருந்து பிடுங்கிக்கொள், மருமகளையும் படிக்கச் சொல், அவளுக்கும் சம்மதம் என்றால் வைக்கட்டும். வைக்காவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன், பெயரில் என்ன பெரிய விஷயம் என்று அவரே சொல்லியிருப்பார், எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தால் சரி என்றும் சொல்லியிருப்பார்.

மாமாவிடமும் போன் பண்ணிக் கேள். ரோத்தான் விஷயத்தில் அவன் சொல்வதை நம்பலாம். 1966 கதையை மட்டும் அவனிடம் கேட்காதே, வயிற்றுக்குள் இருந்தவன் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த மாதிரி சொல்வான். அப்புறம், நான் வரும்போது ஊறுகாய் கொண்டுவர விடுவார்களா என்று விசாரித்துச் சொல், போன தடவை ஏர்போர்ட்டில் பெரிய ரகளையாகிவிட்டது.

அன்புடன்,
அம்மா
புக்கிட் மெர்தாஜாம்